கசகச போட்ட சுருள்

என் மகள் ஆஸியாவுக்கு முடி இடுப்பைத் தாண்டும். நீளத்துக்குக் குறைவில்லை, ஆனால் ஈர்க்கு மாதிரி நேர். நெற்றி ஓரத்தில் ஒரு சுருளை வைத்துவிட்டு நாம் நிமிர்வதற்குள் அது தொங்கிப்போகும். எனக்கும் அதே முடிதான். ஆனால் என் முடியை நான் சொன்னபடி கேட்க வைத்திருந்தேன். அதற்குப் பத்து வருஷம் பிடித்தது.

மாத்தளையில் சுருள் நிற்பது லேசான காரியம் இல்லை. தம்புள்ளைப் பக்கத்து வெயிலில் எதைச் சுருட்டினாலும் காய்ந்து நிற்கும். எங்கள் ஊரில் காலையில் பனி, பின்னேரம் மழை. ஈரக்காற்றுப் பட்டால் சுருள் நமுத்த பப்படம்தான். கலியாணம் முடித்த புதிதில் சீனித் தண்ணீர் தடவிப் பார்த்தேன். சுருள் நின்றது, விடியும்போது தலையணையில் எறும்பும் வரிசையாக நின்றது. பிறகு சேலைக்குப் போடுகிற கஞ்சியைத் தடவினேன். காய்ந்ததும் பொடுகு மாதிரி தோளெல்லாம் உதிர்ந்தது. மாமி பார்த்துவிட்டு, தலைக்கு எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்னார்.

கடைசியில் வழி காட்டியது நோன்பு மாதம். சர்பத்தில் போடுவதற்குக் கசகச, அதாவது திருநீற்றுப்பச்சை விதை, ஊறவைத்திருந்தேன். தண்ணீர் பட்டதும் அந்தக் கறுப்பு விதை ஒவ்வொன்றும் வழுவழுவென்று ஒரு சட்டை போட்டுக்கொள்ளும், தெரியும்தானே. கலக்கிய கையைக் கழுவ மறந்து முன்முடியை ஒதுக்கிவிட்டேன். நோன்பு திறந்து எழும்பிப் பார்த்தால் ஒதுக்கிய முடி ஒதுக்கிய இடத்திலேயே நிற்கிறது. அன்றைக்கே பிடித்துக்கொண்டேன். விதையை இரண்டு தரம் மெல்லிய துணியில் பிழிந்து, வழுவழுப்பை மட்டும் எடுக்க வேண்டும். புருஷன் உடுத்திய பழைய சாரத்தைக் கிழித்த துணித்துண்டில் முடியை இறுக்கிச் சுற்றிக் கட்ட வேண்டும். காய்ந்த பிறகு அவிழ்த்தால் மூன்று நாளைக்கு அசையாது.

என் புருஷன் ஜைனுதீன் மிளகு, கராம்பு வாங்கி விற்றவர். ஒரு நாள் கடையால் வந்து, முக்காடு விலகியிருந்த என்னைப் பார்த்துவிட்டு, “இது யாருக்குக் காட்ட?” என்று கேட்டார். “கண் இரிக்கிற ஆளுக்கு” என்றேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. எனக்குக் கோபம் மூக்கின் மேல் என்பார்கள். பொய். எனக்குக் கோபம் நாக்கின் மேல். அதை ரசித்த ஒரே மனிசர் அவர்தான்.

பிறகு ஊரில் கலியாணப் பெண்களெல்லாம் என்னிடம் வந்தார்கள். மாப்பிள்ளை வந்து முகம் பார்க்கும்போது நெற்றியில் விழுகிற அந்த இரண்டு மூன்று சுருளுக்காக அலுவிகாரையில் இருந்தும் வண்டி அனுப்பினார்கள். இருபது பெண்களுக்கு மேல் நான் சுருட்டியிருப்பேன்.

அவர் காய்ச்சலில் மௌத்தாகி, நான் நாலு மாதமும் பத்து நாளும் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இத்தா இருந்து, வெள்ளைச் சேலையோடு அறையை விட்டு வெளியே வந்தபோது, ஒரு பெண்ணும் வரவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. புருஷன் இல்லாதவள் கை மணப்பெண் தலையில் படக்கூடாதாம். மார்க்கக் கிதாபில் இல்லாத இந்தச் சட்டத்தை எங்கள் ஆட்கள் எந்தச் சந்தையில் வாங்கினார்களோ தெரியாது. ஊர்ப் பெண்கள் வராவிட்டால் போகட்டும், அவர்களுடைய சுருள் தொங்கட்டும் என்று இருந்தேன்.

ஆனால் இரண்டு வருஷம் கழித்து என் ஆஸியாவுக்கே கலியாணம் வந்தது. கலேவெலையில் அரிசிக்கடை வைத்திருக்கிற நுஹ்மான்தான் மாப்பிள்ளை.

கலியாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது நூருன்னிஸா ராத்தா வந்தார். அவர் என் புருஷனின் மூத்த சகோதரர் பலீல் மச்சானின் மனைவி. வந்து உட்கார்ந்து, வெற்றிலை போட்டு, எச்சிலைத் துப்பிவிட்டு, பிறகுதான் விஷயத்தை எடுத்தார்.

“ஸைனம்பு, நீ கோவிச்சுக்காத. கலியாணத்தன்னிக்கி நீ குசினியப் பாத்துக்க. அவ கழுத்தில கருகமணி கட்டி முடியிற வரைக்கும் பொண்ணு அறைக்கு வர வேணாம்.”

“ஏன் ராத்தா, எனக்குப் பேயா புடிச்சிரிக்கி?”

“சும்மா பேசாத. உனக்கே தெரியும். பொண்ணுக்குத் தலை கட்டுறது எங்க தங்கச்சி ஹமீமா. ஏழு புள்ள, புருஷன் கல்லு மாதிரி இரிக்கிறார். வாழுற கை. நீ அவளுக்கு அந்தச் சுருட்டுற வேலையச் சொல்லிக் குடுத்தாப் போதும்.”

என் மகளுக்கு என் கை ஆகாது, ஆனால் என் கைவேலை ஆகும். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. எழும்பிப் போய் பலீல் மச்சானிடமே கேட்டேன். அவர் கூடத்தில் கலியாணக் கடதாசிகளுக்கு விலாசம் எழுதிக்கொண்டிருந்தார்.

“மச்சான், இத்தா நாலு மாசம் பத்து நாள். அதுக்கு மேல ஒரு நாள் கூட கிதாபுல இல்ல. நீங்களே பள்ளி லெப்பைகிட்டக் கேளுங்க.”

“கிதாபு வேற, ஊர் வேற” என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல். “என் தம்பி மௌத்தான மாதிரி அந்தப் பொடியனும் மௌத்தாகணுமா? நான்தான் வலி. என் கையெழுத்து இல்லாம நிக்காஹ் இல்ல. எனக்கு மனசுக்குச் சரியில்லாத இடத்தில நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

வலி என்றால் பெண்ணைக் கொடுக்கிற ஆண். தகப்பன் இல்லாத பெண்ணுக்குப் பெரிய தகப்பன். பெண்ணின் கையெழுத்துக்கூட அந்தப் புத்தகத்தில் இல்லை, வலியின் கையெழுத்துத்தான். பெற்றவளின் கையெழுத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவர் தம்பியை என் கைதான் கொன்றது என்கிற மாதிரிப் பேசிவிட்டு அடுத்த கடதாசியை எடுத்தார். எனக்கு அழுகை வந்தது. அவர் முன்னால் அழக்கூடாது என்று வந்துவிட்டேன்.

ஆஸியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். “எனக்குச் சுருளே வேணாம் உம்மா. எண்ணெய் வச்சு இழுத்துக் கட்டிட்டுப் போறேன்” என்றாள்.

“வாய மூடு. என் மகள் தலை வடிஞ்சு போய் உக்காந்திருக்கிறத நான் பாக்க மாட்டேன்.”

“நீங்கதான் பாக்கவே போறதில்லையே” என்றாள்.

அந்தச் சொல் என்னைக் குத்தியது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். நிக்காஹ் நின்றுபோனால் நாளைக்கு ஊர் அவளைத்தான் பேசும். அந்த ஒரு பயத்துக்காக ஹமீமாவைக் கூட்டி உட்காரவைத்து, ஒன்றையும் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். கலியாணத்துக்கு முந்தின நாள் பகலில் நானே கசகசவைப் பிழிந்து, ஒரு கோப்பை நிறைய வடித்து, குசினி வாசலில் வைத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் பெண்ணின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் வெளியே நின்றேன்.

ஹமீமா கெட்டவள் இல்லை. கை தாராளமானவள். சோற்றுக்கு நெய் ஊற்றுகிற மாதிரி ஊற்றியிருக்கிறாள். பாதித் தலைக்குள் கோப்பை காலியாகிவிட்டது. என்னிடம் வந்து கேட்டால் தன் வாழுற கைக்கு மரியாதைக் குறைவு என்று நினைத்தாளோ என்னவோ. மாப்பிள்ளை வீட்டாரின் சர்பத்துக்காக வாளியில் ஊறவைத்திருந்த கசகசவில் இரண்டு சிரட்டை அள்ளிக்கொண்டு போய், விதையும் தானுமாக மீதித் தலையில் அப்பியிருக்கிறாள். குடிக்கிறதுதானே, தலைக்கு மட்டும் என்ன செய்துவிடும் என்று நினைத்திருப்பாள். எங்கள் வீடுகளைத் தவிர வேறு எங்கேயும் ஒருத்திக்கு இப்படி ஒரு புத்தி போகாது.

அடுத்த நாள் காலை கலேவெலையில் இருந்து மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். வழியில் நாலந்தாவில் மழை பிடிக்கும் என்று பயந்து நேரத்தோடு பஸ்ஸை எடுத்தார்களாம். வாசலில் கொடுத்த சர்பத்தைக் குடித்துவிட்டு, கூறைச் சேலைப் பெட்டியோடு நேரே பெண்ணின் அறைக்குப் போனார்கள். அங்கே ஹமீமா அப்போதுதான் துணித்துண்டுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

நான் குசினியில் வட்டிலப்பம் வேகிற சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் நூருன்னிஸா ராத்தாவின் குரல் கேட்டது. “அல்லாஹ்வே, பேன்!” என்றது அது. நல்ல சத்தமாக.

பிறகு பெண்களின் குசுகுசு கேட்டது. ஒருத்தி, “தலை பூரா ஈரும் பேனும். இந்தப் பொண்ணையா பாத்தாங்க?” என்று கேட்டதும், இன்னொருத்தி, “நாங்க ஒரே பாயில படுக்கிற ஆக்கள். முதல்ல மாப்பிள்ளையோட உம்மாகிட்டச் சொல்லுங்க” என்றதும் தெளிவாகக் கேட்டது. கடைசியாக என் மகளின் அழுகை வந்தது. சின்ன வயதில் விழுந்து முட்டி உடைந்தால் அழுவாளே, அதே அழுகை.

நான் கையைக் கழுவினேன். சேலையில் துடைத்தேன். நடந்தேன்.

கூடத்தில் பலீல் மச்சான் வழியை மறித்து நின்றார். “எங்க போறீங்க? நான் சொன்னது நினைவிரிக்கா? உள்ள போனா நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“போடாதீங்க.”

அவர் அதை எதிர்பார்க்கவில்லை.

“போடாட்டிப் போங்க மச்சான். ரெண்டு சந்து தள்ளித்தான் காதி வீடு. வலி காரணமில்லாம மறுத்தா, வலி இல்லாமலே நிக்காஹ் செய்ய உத்தரவு குடுக்கிற அதிகாரம் காதிக்கு இரிக்கி. நான் கேட்டு வச்சிரிக்கேன். ஆனா அதுக்கு முன்ன, பந்தலுக்குக் கீழ முந்நூறு பேர் உக்காந்திருக்காங்க. அவங்க முன்னால போய் நின்னு நீங்களே சொல்லுங்க. ‘பெத்தவ மகளுக்குத் தலை சீவினா, அதனால என் தம்பி மகளக் கட்டிக் குடுக்க மாட்டேன்’னு வாய் திறந்து சொல்லுங்க. இப்ப வழிய விடுங்க.”

காதியிடம் கேட்டுவைத்திருந்தேன் என்பது பொய். லெப்பையின் மனைவி எப்போதோ சொன்னது மனதில் கிடந்தது, அவ்வளவுதான். அவர் ஒரு பக்கமாக ஒதுங்கினார்.

அறைக்குள் போனேன். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஆறேழு பேர் சுவரோடு ஒட்டி நின்றார்கள், பேன் பறந்து வந்துவிடும் என்கிற மாதிரி. நடுவில் நாற்காலியில் மாப்பிள்ளையின் உம்மா உட்கார்ந்திருந்தார். பருத்த, பேசாத மனிசி. ஹமீமா மூலையில் நின்று துணித்துண்டைப் பிசைந்துகொண்டிருந்தாள். ராத்தா சீப்பால் இழுத்து இழுத்து ஆஸியாவின் தலையை ஒரு பக்கம் பறவைக்கூடாக்கி வைத்திருந்தார். மறு பக்கம் சுருளெல்லாம் அழகாகத்தான் நின்றது. ஒவ்வொரு சுருளிலும் பத்துப் பன்னிரண்டு கறுப்புப் புள்ளி, சாம்பல் நிறத் தோலோடு ஒட்டியிருந்தது. பெற்றவள் எனக்கே ஒரு நொடி திக்கென்றது.

ஒரு விதையை நகத்தால் கிள்ளி எடுத்தேன். எல்லோரும் பார்க்க வாயில் போட்டு மென்றேன்.

“கசகச” என்றேன். “வந்ததும் நீங்க குடிச்ச சர்பத்திலயும் இதுதான். சந்தேகம் இரிக்கிறவங்க கிட்ட வந்து ஒண்ணு எடுத்து மென்னு பாருங்க.”

யாரும் வரவில்லை. ஒரு சின்னப் பெண் சிரிப்பை அடக்க முக்காட்டைக் கடித்தாள்.

“பேன்சீப்புக் கொண்டு வாங்க” என்றேன் அடுத்ததாக. ராத்தாவின் முகம் செத்துப்போனது. பேன் இல்லை என்று சொல்லிவிட்டுப் பேன்சீப்புக் கேட்டால் யாருக்குத்தான் முகம் சாகாது? ஆனால் அவ்வளவு சின்ன விதையை வேறெந்தச் சீப்பு எடுக்கும்? “பொட்டி அடியில இரிக்கி, ஹமீமா. சுடுதண்ணியும் கொண்டு வா. சிரட்டைத் தணலும் வேணும்.”

“ஸைனம்பு, நீ தொடாத” என்றார் ராத்தா, பல்லைக் கடித்துக்கொண்டு. “சம்பந்திமார் இரிக்காங்க.”

அப்போதுதான் மாப்பிள்ளையின் உம்மா வாயைத் திறந்தார். “இவங்க யாரு?”

எனக்கு முன்னாலேயே பதில் சொல்ல ராத்தா வாயெடுத்தார். நான் விடவில்லை. நான்கு நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்த நேரம் வந்தது.

“நான் பொண்ணோட உம்மா. ரெண்டு வருசமா புருஷன் இல்லாதவ. என் கை பட்டா உங்க மகனுக்கு ஆகாதுன்னு என்னக் குசினியில வச்சிருந்தாங்க. வாழுற கை செஞ்ச வேலை இது. வாழாத கை இப்ப இதச் சரி செய்யப் போகுது. உங்களுக்கு விருப்பமில்லாட்டி இப்பவே சொல்லுங்க. பின்னால ஒரு நாள் என் மகளுக்குச் சொல்லிக் காட்ட வேணாம்.”

ஆஸியா அழுகையை நிறுத்தியிருந்தாள். கண்ணாடி வழியாக அவள் என்னைப் பார்ப்பது தெரிந்தது. இந்தக் கலியாணம் நின்றால் நான்தான் நிறுத்தினேன். அது எனக்கு நன்றாகத் தெரிந்தே சொன்னேன்.

அந்த மனிசி என் கையைப் பார்த்தார். பிறகு என் மகளின் தலையைப் பார்த்தார்.

“சுருள் நிக்குமா?” என்று கேட்டார். “போற வழியில மழை புடிக்கும்.”

“நிக்கும்.”

“அப்ப கெதியாச் செய்ங்க” என்றார். பின்னால் நின்றவர்களில் ஒருத்தி ஏதோ முணுமுணுத்தாள். அவர் திரும்பிப் பார்த்ததும் அடங்கினாள்.

நான் வேலையைத் தொடங்கினேன். சுடுதண்ணீரில் நனைத்ததும் காய்ந்த கசகச மறுபடி வழுவழுத்து, பேன்சீப்பில் வழுக்கி வந்தது. முழுத் தலையையும் சுத்தமாக்குவதற்குள் பகல் ளுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். கோப்பையில் புதிதாக வடித்து எடுத்தேன், இரண்டு தரம் பிழிந்து. நெற்றிப் பக்கம் சின்னச் சுருளுக்குக் கொஞ்சமாக முடி, பின்னால் பெரிய சுருளுக்குக் கொஞ்சம் அதிகம். நுனியில் தொடங்கி மேலே சுற்றி வேரில் கட்ட வேண்டும். இரண்டு வருஷமாக என் கைக்கு இந்த வேலை இல்லை. ஆனாலும் கை ஒரு இடத்திலும் தயங்கவில்லை. அவ்வளவு ஆத்திரத்துக்கு நடுவிலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கவும் நான் முயலவில்லை.

பிறகு பிரம்புக் கூடையைக் கவிழ்த்து, அடியில் தணலும் கொஞ்சம் சாம்பிராணியும் வைத்து, கட்டிய தலையை அதன் மேல் சாய்த்துக் காயவைத்தேன். ஹமீமா பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாக விசிறினாள். “நான் கேட்டிருக்கணும்” என்றாள். “கேட்டிருக்கணும்தான்” என்றேன்.

அஸர் தொழுகை முடிந்து மாப்பிள்ளை வந்துவிட்டார். பந்தலில் சலவாத்துச் சத்தம் கேட்டது. ராத்தா உள்ளே ஓடி வந்தார்.

“அவிழ்த்துடு ஸைனம்பு! சம்மதம் கேக்க வரப்போறாங்க!”

“சூடு ஆறட்டும்.”

“மாப்பிள்ளை வந்து உக்காந்துட்டார்!”

“உக்காந்திருக்கட்டும். சூட்டோட அவிழ்த்தா நெற்றியில நிக்காது, மூக்குல வந்து விழும்.”

சுருள் நீண்ட நேரம் நிற்கிற ரகசியமே அதுதான். காய்ந்ததும் அவசரப்பட்டு அவிழ்க்கிறார்கள், பாதிப் பேருக்குச் சுருள் போவது அங்கேதான். தலையைத் தொட்டுப் பார்த்து, துணி குளிர்ந்த பிறகு, ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். சீப்பு வைக்கவில்லை. விரலை விட்டுப் பிரித்து, பின்னால் கொண்டை ஊசி குத்தி, நெற்றியில் மூன்றை மட்டும் விட்டேன். ஒரு புள்ளி இல்லை. அந்தச் சுருள் அன்றைக்கு நாலந்தா மழையையும் தாண்டி, மூன்றாம் நாள் கலேவெலையிலும் அப்படியே நின்றதாகப் பிறகு கேள்விப்பட்டேன். சொன்னவர் மாப்பிள்ளையின் உம்மா.

பெண்ணுக்கு முக்காடு போட்டு முடிக்கும்போது திரைக்கு வெளியே காலடிச் சத்தம் கேட்டது. பலீல் மச்சானும் இரண்டு சாட்சிகளும் சம்மதம் கேட்க வந்திருந்தார்கள். ராத்தா என் தோளைப் பிடித்து, “போதும். இனிக் குசினிக்குப் போ. கருகமணி கட்டினதும் கூப்பிடுறேன்” என்று காதில் சொன்னார். அவர் விரல் என் தோளில் அழுந்தியது. மகளின் சுருள் நின்றுவிட்டது, கலியாணமும் நடக்கப்போகிறது, இனி எதற்குச் சண்டை என்று எனக்கும் ஒரு நொடி தோன்றியது. அவ்வளவு களைத்திருந்தேன். ஒரு அடி எடுத்தும் வைத்துவிட்டேன்.

வெளியே மச்சான் தொண்டையைச் செருமினார். “ஆஸியா, கலேவெல நுஹ்மானுக்கு உன்ன நிக்காஹ் செஞ்சு குடுக்கிறதுக்கு உனக்குச் சம்மதமா?”

எங்கள் பெண்கள் இதற்குப் பதில் சொல்வதில்லை. தலையைக் குனிந்து இருந்தால் போதும், பேசாமல் இருப்பதே சம்மதம். நானும் அப்படித்தான் இருந்தேன், ராத்தாவும் அப்படித்தான் இருந்தார். சாட்சிகள் திரும்பி நடக்கத் தொடங்கும் சத்தம் கேட்டது.

“பொறுங்க பெரியவாப்பா” என்றாள் ஆஸியா. “நான் இன்னும் சொல்லல்ல.”

திரைக்கு வெளியே கால்கள் நின்றன. பந்தல் வரைக்கும் கேட்கிற குரலில் அவள் சொன்னாள்.

“எங்க உம்மா குசினிக்குப் போக மாட்டாங்க. கருகமணி கட்டுறப்ப எம் பக்கத்துல நிப்பாங்க. அதுக்கு நீங்க சம்மதம் சொல்லுங்க. பொறவு நான் சொல்றேன்.”

ராத்தாவின் கை என் தோளை விட்டு இறங்கியது. நான் எடுத்து வைத்த அடியைத் திருப்பி எடுத்து, மகளின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

“நிக்கட்டும்” என்றார் பலீல் மச்சான்.

சாட்சிகள் இரண்டு பேரும் அதைக் கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் என் மகள் சம்மதம் சொன்னாள்.